ஸ்டெப்னி அக்காவுக்கு நான் போட்ட சிவப்புக் கோடு

ஐந்து ஆண்டுகளாகத் தன் கடை மாடியையும் தன் இரண்டு காதுகளையும் நம் குழுவின் ஒத்திகைக்காகத் தியாகம் செய்து, இன்று இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஃபிரிட்ஜ் ரிப்பேர்க் கடை முதலாளி அவர்களே! "சத்தத்தைக் குறைங்கடா" என்று கதவைத் தட்டித் தட்டியே எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்ட எதிர்வீட்டுத் தாய்மார்களே! மதியமே வந்து முன்வரிசை பிடித்த தம்பி தங்கைகளே! என் முதுகுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் 'பாதி சார்ஜ்' குழுவின் பாடகர் அண்ணன் அவர்களே! கிதார் அண்ணன்மாரே! ஒன்பதாவது வரிசையில், தூண் மறைவில்... வேண்டாம், அவரைக் கடைசியில் விளிக்கிறேன். அனைவருக்கும் வணக்கம்!

'பாதி சார்ஜின் பயணம்' பற்றி ஐந்து நிமிடம் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். புகழத்தான் வந்தேன். ஆனால் என் பின்னால் பாருங்கள். டிரம்ஸ் இருக்கிறது, வாசிக்க ஆள் இல்லை. ஏன் இல்லை? யாரால் இல்லை? என்னால்! ஆம், இந்தக் குழுவின் ரசிகர் பக்கத்தை நடத்தும் என்னால்!

அமைதி, அமைதி. முழுசாகக் கேட்டுவிட்டு அடியுங்கள்.

பாப்-பங்க் என்றால் என்ன? என் அம்மாவே கேட்டார். கிதாரில் மூன்றே மூன்று கார்டு, மூச்சுமுட்டும் வேகம், முகவரி தெரியாத கோபம் என்றேன். "அப்ப ஓடிக்கிட்டே அழுவுறாங்கன்னு சொல்லு" என்றார். இதைவிட நல்ல விளக்கம் இணையத்தில் எங்கும் இல்லை!

முதல் கச்சேரி, பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் பல் பிடுங்க வந்தவர்கள். அன்றே பார்த்தேன் நம் டிரம்மரை. பகலெல்லாம் லாரி டயர் கழற்றும் கை. மாலையில் மேடையைக் கழற்றும் கை! ஸ்டெப்னி அக்கா என்று நாம் வைத்த பெயர், அவர் வீட்டு அழைப்பிதழிலேயே ஏறிவிட்டது. பிறகு 'லீவு கொடு' பாட்டு வந்தது. பஸ்ஸில் ஒலித்தது, பட்டறையில் ஒலித்தது, பரீட்சைக் கூடத்தில் யாருடைய பையிலிருந்தோ ஒலித்தது! ஒரு ரெக்கார்டிங் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. ஐயாயிரம் பேர் கூடும் பெரிய மேடை கிடைத்தது.

அப்போதுதான் இந்த அதிமேதாவி ஒரு ஆராய்ச்சி செய்தேன். தாளம் அளக்கும் ஆப் ஒன்றில் நாற்பத்தொரு கச்சேரி வீடியோக்களைப் போட்டு அளந்தேன். நிமிடத்துக்கு நூற்றெண்பது அடி என்று கிளம்பும் பாட்டு, கடைசிப் பல்லவியில் நூற்று எழுபத்தொன்றுக்கு இறங்கியது. இறங்கிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன். "அக்கா இழுக்கிறாங்களோ?" என்று கண்ணீர்ச் சிரிப்புப் பொம்மை வைத்துப் பதிவிட்டேன். நாற்பத்தொரு தடவையும் ஒரே இடம்! தடுமாறுகிறவர் நாற்பத்தொரு தடவை ஒரே இடத்திலா தடுமாறுவார்? அதைக் கேட்கத் தோன்றவில்லையே இந்த மடச் சாம்பிராணிக்கு!

இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கம்பெனி மேனேஜரும் பார்த்தார். ஜாக்கி வைத்துத் தூக்கிய லாரிக்கு அடியில் கிடந்த அக்காவுக்கு மெசேஜ் வந்தது. "இந்த ஷோவுக்கு வேற ஆள் பாத்துட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க." கூடவே நான் சிவப்புக் கோடு போட்ட படம்! குழுவில் ஒருவராவது வாய் திறந்தாரா? இல்லை. முறைக்காதீங்க கிதார் அண்ணே, உண்மைதானே?

பெரிய மேடை. புது டிரம்மர். காதில் தாளம் தட்டும் கருவி, நூற்றெண்பது என்றால் நூற்றெண்பது. மூன்றாவது பாட்டு, கடைசிப் பல்லவி. பாடகர் அண்ணன் வாய் திறந்தார், குரல் வரவில்லை. முழங்காலில் விழுந்தார். ஐயாயிரம் பேரும் ஆர்ப்பரித்தோம்! அவர் மூச்சுக்குத் தவித்தார். நாங்கள் அதை நடிப்பு என்று நினைத்து விசிலடித்தோம்! நான் லைவில் "வேற லெவல்!" என்று கத்தினேன். பெரிய திரையில் அவர் உதடு நீலமாகத் தெரிந்தது. லைவை நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். அங்கே பேசியதை அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"சின்ன வயசுலேர்ந்தே எனக்கு வீசிங். கடைசிப் பல்லவி வரைக்கும் தாங்காது. டிரம்ஸ்ல உக்காந்து அவ என் தோளப் பாத்துக்கிட்டே வாசிப்பா. தோள் ஏறுச்சுன்னா வேகத்துல ஒரு நூல் விட்டுக்குடுப்பா."

"அத அவங்கள அனுப்புறப்ப சொல்லியிருக்கலாமேண்ணே!"

"வியாதிக்காரன்னு தெரிஞ்சா என்னைய மேடையேத்துவாங்களா? பயந்துட்டேன். அவகிட்டகூட நான் சொன்னதில்ல. அவளாக் கண்டுபிடிச்சா, அவளா மூடி வச்சா. நீ அளந்தது அவ வேகத்த இல்ல. என் மூச்ச."

அதிர்ந்தேன்! அளக்கத் தெரிந்த எனக்குப் பார்க்கத் தெரியவில்லையே! ஐந்து வருடம் ஒரு மனிதனின் உயிரைத் தன் இரண்டு குச்சிகளில் தாங்கியவரை, ஒரே ஒரு கோட்டால் கீழே தள்ளினேனே! அந்த மெசேஜைப் படித்தபோதாவது, "அவன் மூச்சுக்காகத்தான்" என்று ஒரு வரி எழுதினாரா? எழுதவில்லை. பழி வந்தபோதும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை!

ஸ்டெப்னி அக்கா அவர்களே! எழுந்து போகாதீர்கள். ஊர் சிரிக்க எழுதியவன், ஊர் கேட்கச் சொல்கிறேன். தப்பு உங்களுடையது இல்லை. என்னுடையது. உங்களை வாசிக்கக் கூப்பிட எனக்கு அருகதை இல்லை. கூப்பிட வேண்டிய பாடகர் அண்ணன் எழுந்து நிற்கிறார். அண்ணே, மைக் வேணுமா? வேண்டாமாம். கையெடுத்துக் கும்பிடுகிறார், பாருங்கள்.

தாய்மார்களே, வழி விடுங்கள். வருகிறார்... என்னக்கா? "அந்தக் கோட்ட அழிச்சிட்டியா?" என்று கேட்கிறார். அழிக்கலக்கா. அழித்தால் நான் தப்பித்துக்கொள்வேன். அதற்குக் கீழேயே நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். அதுவும் இரண்டு லட்சம் பேருக்குப் போகட்டும்.

என்ன? சத்தமாச் சொல்லுங்கக்கா. "மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்த ஸ்டூல எவன்டா இவ்ளோ ஏத்தி வச்சது?"

கேட்டீர்களா! என்னை மன்னிக்கவில்லை. ஆனால் ஸ்டூலைத் திருகி இறக்குகிறார். நான் விலகிக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். கடைசிப் பல்லவியில் அக்கா ஒரு நூல் விடுவார். நீங்களும் விடுங்கள். கைதட்டி அவரை முந்திவிடாதீர்கள். வணக்கம்!