வெர்லீனோட காது

அந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடும். இப்படி சோபாவுல உக்காருங்க. பிலடெல்ஃபியாவுல கீழ்த்தளம்னா ஈர வாடை இருக்கத்தான் செய்யும், கொஞ்ச நேரத்துல பழகிடும்.

இசைக்காரங்க சங்கத்துலேருந்து ஆள் நேர்லயே வருவாங்கன்னு நான் நெனைக்கல. ரெண்டு வருஷமா வெர்லீன் ஒரு ரிக்கார்டிங்குக்கும் வரல, கடிதாசிக்குப் பதில் இல்ல, போன் எடுக்கல, புருஷன் நீதானே, அவளுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். சொல்றேன்.

இதுதான் அவளோட எலெக்ட்ரிக் பியானோ. மூடியைத் தூக்குறேன், பாருங்க. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எஃகுக் கம்பி. உள்ள இருக்குற சுத்தி தட்டுனா கம்பி பாடும். கம்பி மேல குட்டியா ஒரு ஸ்பிரிங் தெரியுதா? அதை நகத்தால நுனிப் பக்கம் தள்ளுனா சுருதி எறங்கும். மயிரிழை போதும். இந்த ஊர்ல பாதி ஸ்டூடியோவுக்கு நான்தான் இதைப் பாத்துக் கொடுத்துட்டிருந்தேன்.

வெர்லீன் கை பட்டா அந்தச் சத்தமே வேற. மணிக்கு வெண்ணெய் தடவி அடிச்ச மாதிரி இருக்கும். சர்ச்சுல வாசிச்சிட்டிருந்தவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டு வந்ததே நான்தான். டிஸ்கோ வந்ததும் அவளுக்கு மூச்சு விட நேரமில்ல.

எழுபத்தாறு மார்ச்சுல பேண்டு லீடர் ஹொரேஸ் அவளைக் கலிபோர்னியாவுக்குக் கூப்பிட்டான். வெர்லீன் என்கிட்ட, "ஆறு மாசம்தான் எமெட், நீயும் வாயேன்"ன்னா. அங்க எனக்கு என்ன வேலை? சுருதி பாக்க அவங்களுக்கு அவங்க ஆள் இருக்கான். நான் பெண்டாட்டிக்குப் பொட்டி தூக்கிட்டுப் போகணும். ஆறு மாசம்னு போன யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. ஆனா சண்டை போடல. கை ஓங்குற ஆளு இல்ல நான், அக்கம்பக்கத்துல விசாரிச்சுப் பாருங்க.

மறுநாள் காலையில ஒரே ஒரு ஸ்பிரிங்கை நகத்தி வச்சேன்.

உக்காந்த அஞ்சாவது நிமிஷமே, இந்த ஒரு கட்டை எறங்கியிருக்குன்னு சொன்னா. சுருதி பாக்குற மெஷினை எடுத்து வச்சேன். அதுல ஒரு சக்கரம் சுத்தும், சுருதி சேந்தா கோடு அசையாம நிக்கும். மெஷின்ல இருக்குற திருகையும் அதே அளவுக்கு முன்னாடியே திருப்பி வச்சிருந்தேன். கோடு நின்னுச்சு. சரியாத்தானே இருக்கும்மான்னேன். அவ ரொம்ப நேரம் அந்தச் சக்கரத்தையே பாத்துட்டிருந்தா. மத்தியானம் அவ கடைக்குப் போனதும் எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டேன். அடுத்த நாள் வேற கட்டை.

ஸ்டூடியோ பியானோவை நான் தொடவே இல்ல. அது என் தொழில், அதுல துரோகம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு மாசத்துல எது சரி, எது தப்புன்னு அவளுக்கே பிடிபடாம போச்சு. பாட்டு பாதியில ஓடிட்டிருக்கும்போது கையை எடுத்துடுவா, ஏதோ எறங்குதும்பா. வயலின்காரங்க ஒம்பது பேர் வில்லைத் தூக்கிப் பிடிச்சபடி நிப்பாங்க. ஹொரேஸ் சிரிச்சான். "பியானோ நல்லாத்தான் இருக்குக்கா. காதுல அவ்வளவு பெரிய வளையத்தைத் தொங்கவிட்டா என்னத்தக் கேக்கும்?"னான். எல்லாரும் சிரிச்சாங்க. மூணாவது தடவை யாரும் சிரிக்கல.

காது டாக்டர் ஒரு குறையும் இல்லன்னாரு. திரும்பி வரும்போது கார்ல நான்தான் பக்குவமா எடுத்துச் சொன்னேன், அவருக்குத் தெரிஞ்சது பீப் சத்தம், சங்கீதம் தெரியுமா அவருக்குன்னு. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீ ஒருத்தன்தான் என்கிட்ட உள்ளதைச் சொல்ற"ன்னா. ஜூன் மாசம் கலிபோர்னியாவுக்குக் கெளம்புன பேண்டு பஸ்ஸு அவ இல்லாமலே போச்சு.

அதோட நிறுத்திடணும்னுதான் இருந்தேன். நிறுத்தவும் செஞ்சேன். அதுக்கப்புறம் ஒரு ஸ்பிரிங்கைக்கூட நான் தொட்டதில்ல, நீங்களே வாசிச்சுப் பாருங்க, எழுபத்து மூணு கட்டையும் சுத்தம். ஆனா சந்தேகம் பியானோவோட நிக்கல. தண்ணி கொதிக்குதா, வெளிய மழையா, எல்லாத்துக்கும் என் முகத்தைப் பாக்க ஆரம்பிச்சா. ஒரு நாள் போன் அடிச்சுது. ஹொரேஸாத்தான் இருக்கும், அவன் விடுற ஆளு இல்ல. அவ எந்திரிக்கல. "எமெட், போன் அடிக்குதா?"ன்னா.

இல்லையேன்னேன்.

பதினோரு தடவை அடிச்சுது. அவ தலையாட்டிட்டு உருளைக்கிழங்கை உரிச்சிட்டிருந்தா.

இப்போ அவ வெளிய போறதில்ல. ரோட்டைத் தாண்டப் பயம், வண்டி வர்ற சத்தத்தை நம்ப முடியலங்குறா. அவளைத் தனியா விட்டுட்டு நானும் எங்கயும் போக முடியல. யார் மாட்டிக்கிட்டதுன்னு சில சமயம் எனக்கே தெரியல. ஆனா இந்த ஊர்ல பெண்டாட்டியை இப்படிப் பாத்துக்குற புருஷன் எத்தனை பேரு?

முகம் சிவந்திருச்சே உங்களுக்கு. அவகிட்டயே எல்லாத்தையும் சொல்லணுமா? தாராளமா சொல்லுங்க, தடுக்க மாட்டேன். மேலதான் இருக்கா, படி இந்தப் பக்கம். நானும் கூட வர்றேன். பொறுமையா உங்களை உக்கார வச்சு, கடைசி வரைக்கும் கேப்பா. கேட்டு முடிச்சதும் என் பக்கம் திரும்பி, இவரு இப்போ என்ன சொன்னாருன்னு என்கிட்டதான் கேப்பா.