முதல் வாய் மேனேஜருக்கு

ஒட்டுக்கேட்டே இறங்குமிடத்தைத் தவறவிடும் மடையன் நான். அன்றும் நான் இறங்க வேண்டிய கருங்கல் ஊரை பஸ் தாண்டிவிட்டது. முன்சீட்டில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, மாவு ஆலையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள்.

"மேனேஜரு முதல்ல திங்கணும்னு ஒப்பந்தத்திலயே எழுதியாச்சு பிள்ளே!"

"கையொப்பு போட்டாராக்கா?"

"போடாம? கிழங்கை வெள்ளத்துல அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திக் களையாம, பச்சையாவே பொடிச்சு நூடுல்ஸ் பண்ணச் சொன்னாரு. அதுல உள்ள விஷம் எப்பிடிப் போவும்? தின்ன பிள்ளைகளுக்கு வல்லதும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஆரு பதில் சொல்லுவா? மெஷினை நிறுத்திட்டோம்."

"பொறவு?"

"அந்த நூடுல்ஸை ஒரு தட்டுல வச்சு அவருக்கே நீட்டினேன். தொடல்ல. ஒப்பு போட்டாரு. இனி அவிச்சு ஊத்தித்தான் பொடிக்கணும். எந்தப் புதுப் பண்டமும் அவரு தின்ன பொறவுதான் பாக்கெட்டுக்குள்ள போவும்!"

இருவரும் பஸ் அதிரச் சிரித்தார்கள். இனி அவித்துச் செய்யப்போகும் நூடுல்ஸை நினைத்து எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. "எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

"மேனேஜருக்குப் பொறத்தால வரிசையில நில்லும்."