பொடிசின் கைகள்

நுண்கலைப் பட்டப்படிப்புக்கான விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கும் என் சித்தி மகளுக்குமாக இரண்டையும் நானே உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளுக்குப் படம் வரைவதில் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. நான் தனியாகப் பஸ்ஸில் போய் வரவேண்டுமே என்று சித்திதான் அவளைத் துணைக்கு அனுப்பினாள். வீட்டில் அவளைப் பொடிசு என்போம். சரியான வாயாடி.

அரசுப் பல்கலைக்கழகம், இடங்கள் குறைவு. முதல் இரண்டு வருடம் எல்லோருக்கும் ஒரே வகுப்பு; மூன்றாம் வருடம்தான் ஓவியம், சிற்பம் என்று பிரிப்பார்கள். ஆறு வயதிலிருந்து ஓவியம் ஓவியம் என்று உயிரை விட்டவள் நான். பட்டியல் ஒட்டியபோது ஓவியத்தில் கடைசி இடம் பொடிசுக்கு. அடுத்த பெயர் என்னுடையது, காத்திருப்போர் வரிசையில். என்னைச் சிற்பத்தில் போட்டிருந்தார்கள்.

"அக்கா, நான் வேணா விட்டுக்கொடுத்துடவா?" என்றாள். நிஜமாகவே கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. "போடி லூசு" என்று சிரித்துவிட்டேன்.

சிற்ப வகுப்பில் முதல் நாளே ஆசிரியர் சொன்னது ஒன்றுதான். அச்செடுக்கக் கரைக்கும் பிளாஸ்டர் மாவு இறுகும்போது கொதிக்கும், வாளிக்குள் கையை விடாதீர்கள். ஓவியக்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு எதற்கு?

ஒரு சனிக்கிழமை மதியம் பட்டறையில் யாருமில்லை. கை அச்செடுக்கவேண்டும், வாடி என்றேன். சாப்பிட்ட கையோடு ஓடி வந்தாள். பிளாஸ்டரைக் கெட்டியாகக் கரைத்து வைத்திருந்தேன். வாளிக்குள் கைகளை மணிக்கட்டு முங்கும்வரை வைத்துக்கொண்டு ஏதோ சினிமாக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, கதகதன்னு இருக்கு."

"அப்படித்தான் இருக்கும்."

"ரொம்பச் சுடுதுக்கா. எடுத்துடட்டுமா?"

"அசையாத. அச்சு கெட்டுடும். எனக்காக இன்னும் அஞ்சே நிமிஷம்."

எனக்காகத்தான் பொறுத்தாள், அதை நான் மறுக்கவில்லை. பிறகு இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. உடைக்க உளியும் சுத்தியலும் வேண்டும். அடுத்த அறைக்குத் தேடப் போனேன். இரண்டும் என் பையில் இருந்தன. நிதானமாகவே தேடினேன். அலறல் கேட்டுக் காவலாளிதான் ஓடி வந்து கடப்பாரையால் உடைத்தார்.

வலது கையில் ஒரு விரலும் மிஞ்சவில்லை. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். துறையில் விபத்து என்று எழுதிக்கொண்டு, சுவரில் எச்சரிக்கைப் பலகை ஒன்று மாட்டினார்கள். காலியான இடம் எனக்கு வந்தது. வீணாக்குவானேன் என்று சேர்ந்துகொண்டேன். இப்போது பொடிசுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். "அக்கா இல்லேன்னா என் கதி என்னம்மா?" என்று சித்தியிடம் சொல்கிறாள். ஒரு நாளும் நான் முகம் சுளித்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நேற்று என் படத்தைப் பார்த்துவிட்டு, "தோள் தப்பா இருக்குக்கா" என்றாள். இரண்டு விரலுக்கும் நடுவே கரித்துண்டை இடுக்கிக்கொண்டு அவளே போட்டுக் காட்டினாள்.

வகுப்பில் கேட்டது ஒரு கையின் அச்சுதான், ஐயா. இரண்டையும் வைக்கச் சொன்னது நான். வலது போனால் இடதில் பழகிக்கொள்வாள், அவள் அப்படிப்பட்டவள்.

தோள் அழகாக வந்திருந்தது. இன்று என்னை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.