சங்கிலி மாட்டியாச்சா, மாமா?

பழைய கார் ஒரு பக்கமாகத் தாழ்ந்து நின்றால் முதலில் முன் ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும், ஐயா. என் கார் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைதான் விடவில்லை. "நாங்க கிளம்புறதுக்குள்ள மாத்திடலாம் மாமா. அப்புறம் உங்களுக்கு யாரு ஒத்தாசை பண்ணுவா?" என்றார்.

தங்கமான மனிதர். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. கடல் தாண்டி வேலை கிடைத்தது, அவளையும் கூட்டிப் போகிறேன் என்றார். மனைவி போனபிறகு எங்கள் வீட்டில் எனக்கு அவள் ஒருத்திதான். இதைப் பக்குவமாகவே அவரிடம் சொன்னேன். "வருஷத்துக்கு ஒரு தடவை வந்துடுவோம் மாமா" என்று சிரித்தார். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவையாம், ஐயா. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை.

என் பட்டறைக் கொட்டகையில் வேலையை முறைப்படிதான் தொடங்கினோம். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினோம். ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்புக் கைக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்தோம். அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கை நம்பவே கூடாது. இடம் கிடைத்தால் துள்ளி வந்து ஆளை அடித்துவிடும். அதனால் அதற்குள் சங்கிலியைக் கோத்து, வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பிறகுதான் அந்த இரும்புக் கையைப் பிடித்திருக்கும் மூட்டைக் கழற்றி ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். சங்கிலியும் ஜாக்கியும் என் பொறுப்பு. மூட்டைக் கழற்ற அவர் குனிந்தார்.

"சங்கிலி மாட்டியாச்சா, மாமா?"

"மாட்டியாச்சு."

அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். மாமனார் சொன்னதைச் சரிபார்த்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற பிள்ளை.

மூட்டு விடுபட்டதும் ஜாக்கியை ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். அவருக்கு வலித்திருக்காது என்றே நினைக்கிறேன். ஸ்பிரிங் அவரை அடித்துவிட்டு மேலே போய்க் கூரைத் தகரத்தில் ஒரு பள்ளம் போட்டது. பழைய ஜாக்கி, காலை வாரிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.

இப்போது மழை பெய்தால் கூரையில் அந்த இடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி விழுகிறது. பயமாகத்தான் இருக்கிறது, ஐயா. யாருமில்லாத கொட்டகையில் நின்றுகொண்டு "மாட்டியாச்சு, மாட்டியாச்சு" என்று நானே பதில் சொல்லியிருக்கிறேன்.

மகள் எங்கும் போகவில்லை. என்னோடுதான் இருந்தாள். நேற்று, அன்றிலிருந்து ஆணியில் தொங்கிய என் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையில் அந்த போல்ட்டைப் பார்த்துவிட்டாள். என் பட்டறையில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா.

"இது சங்கிலியில இருக்க வேண்டியது இல்லையாப்பா?"

ஆமாம்மா என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.  இன்று விடிந்ததும் அவள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், ஐயா. போட்டுவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.