சம்பவம் நடந்த இடம்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் கதவில் என் பெயர்ப்பலகை கிடையாது. இருக்கும் ஒரே ஆணியில் தொங்குவது கம்பனியின் பலகை: வெண்பனி ஐஸ் கம்பனி, பதிவு செய்யப்பட்ட அலுவலகம். தபால்காரர் என்னை வெண்பனி ஐயா என்றுதான் கூப்பிடுவார். "உங்கட பேருக்கு ஒரு ஆணி அடிக்க ஏலாதோ?" என்று என் மனைவி மெற்றில்டா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

சேர், பொலிஸ் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று உங்களிடம் பேனையைக் கேட்டு வாங்கியது திமிரினால் அல்ல. முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்குத் தன் கதையை இன்னொருவர் கையெழுத்தில் பார்க்கப் பொறுக்காது. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டை விட்டவன் நான். வலன்ரைன் என்ற என் பெயரைத் தேடிய அப்பா, கடைசித் தரம் பெறுபேற்றுத் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். இருந்தாலும் புதுக்கடைக் கோர்ட் வராந்தாக்களில் நின்று நின்று கொஞ்சம் சட்டம் என்னிலும் ஒட்டிக்கொண்டது.

ஒரு கம்பனிமீது வழக்குப் போடுவதென்றால் ஒன்றில் அது குடியிருக்கும் இடத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் தப்பு நடந்த இடத்தில் போட வேண்டும். குடியிருக்கும் இடத்தை நான் சுலபமாக நகர்த்திவிடுவேன். ஒரு தீர்மானத்தை டைப் அடித்து, முதலாளி புஷ்பராஜிடம் ஒப்பம் வாங்கி, கம்பனிப் பதிவாளரிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு, பலகையை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். ஹெவ்லொக் டவுனில் மூடிக்கிடந்த தையல்கடை மாடியில் கம்பனி ஒரு வருஷம் குடியிருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மீன் ஸ்டோரில் எட்டு மாதம் இருந்தது. பூனை குட்டியைக் காவுகிற மாதிரி நான் அதைக் காவித் திரிந்தேன். பழைய விலாசத்துக்குப் போன அழைப்பாணைகள் திரும்பி வரும், வழக்குத் தவணைகள் தள்ளிப்போகும், வழக்காளிகள் களைத்துப்போவார்கள். எனக்கு அதில் பெருமை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தப்பு நடந்த இடம் மட்டும் அசையாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் ஐஸ் தொழிற்சாலை பேலியகொடையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறொரு கோர்ட்டின் எல்லைக்குள். அங்கே ஒரு தரம் அமோனியா வாயு கசிந்து, பழைய இயந்திரத்தைத் திருத்தும்வரை ஓட்டக் கூடாது என்று அந்தப் பக்கக் கோர்ட் கட்டளை போட்டிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான் சம்பளப் புத்தகத்தோடு அங்கே நிற்கையில், குழாய் வெடித்தது. பக்கத்தில் நின்றவர் இராமர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து எட்டு வருஷமாக எங்களிடம் வேலை செய்தவர். நாங்கள் வெளியே இழுத்துப் போட்டபோது கண் திறக்க முடியவில்லை. பேச்சு இருந்தது.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். "வலன்ரைன், அந்தக் கோர்ட்டுக்கு மட்டும் இது போகக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சம் முழுவதும் என்னுடைய மூளை. என்னைப் பெயிலாக்கியவர்கள் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

இராமரை மீன் லொறியில் ஏற்றினோம். சாரதி அஷ்ரப். பாலம் தாண்டி வந்ததும் கொட்டாஞ்சேனைப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

"சேர், ஆஸ்பத்திரி நேரே ஈக்குது. ஏன் திருப்பச் சொல்றீங்க?" என்றார் அஷ்ரப்.

"அங்க அம்புலன்ஸ் நிக்குது" என்றேன். அம்புலன்ஸ் அங்கே நிற்கவில்லை.

மீன் ஸ்டோரில் அன்று வேறு யாருமில்லை. இராமரைத் தரையில் கிடத்திவிட்டு அஷ்ரப்பை லொறியோடு அனுப்பினேன். அதன் நெடிதான் தாக்கியது என்று தோன்றட்டும் என்று, தரை கழுவும் மருந்துப் போத்தல் ஒன்றை மூடி கழற்றி அவருக்குப் பக்கத்தில் சரித்துவைத்தேன். அந்த ஸ்டோரில் அமோனியா இயந்திரமே கிடையாது. ஆகவே வழக்கை இந்தப் பக்கம் போட்டால் ஆதாரம் இல்லை, அந்தப் பக்கம் போட்டால் அதிகாரம் இல்லை. அந்த யோசனை வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரேயொரு சிக்கல். அவருக்கு இன்னும் பேச்சு இருந்தது.

"அம்புலன்ஸ் எப்ப சார் வரும்?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு, வருது" என்றேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது. கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன், தலையைப் பிடித்துக்கொண்டேன். இரக்கமில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. பேச்சு நின்று, அதன்பின் மூச்சும் நின்றது. பிறகு போன் எடுத்து, கொட்டாஞ்சேனைக்கு ஒரு அம்புலன்ஸ் வேண்டும் என்று விலாசத்தைத் தெளிவாகச் சொன்னேன்.

அவருடைய மனைவி ராக்கம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் வழக்குப் போட்டார். அம்புலன்ஸ் பதிவேட்டில் கொட்டாஞ்சேனை என்று இருந்தபடியால் வழக்கு தள்ளுபடியானது. அதன்பிறகு ஒருநாள் புதுக்கடையில், அவருடைய சட்டத்தரணியின் அறை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அவரு வேல பாத்த எடத்துலதானே சார் நாயம் கேக்கணும்? நா எந்த எடத்துல போயி கேக்குறது?"

"சட்டம் அப்பிடித்தான் அம்மா" என்றேன்.

"கடைசியா நீங்கதான் தண்ணி குடுத்தீங்களாமே. நீங்க நல்லா இருக்கணும் சார்."

நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணீருக்குக் காசு கொடுத்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் அரைச் சட்டத்தரணி, எனக்கு ஒருவர்தான்.

இப்போது அஷ்ரப் உங்களிடம் வந்து எல்லாம் சொல்லிவிட்டார். இராமரின் சோற்றுப் பெட்டியையும் கொடுத்திருக்கிறார். அன்று பேலியகொடையில் திறக்காமல் கிடந்ததாம்; அவர் அங்கேதான் வேலைக்கு வந்தார் என்பதற்கு அது சாட்சி. மூன்று வீட்டுக்குக் கம்பனியைக் காவியவன், ஒரு உயிருள்ள மனிதனை ஆறு தாண்டிக் காவியவன், ஒரு சோற்றுப் பெட்டியை மறந்தேன். நாலாவது தரமும் பெயில்.

கொட்டாஞ்சேனைக் கோயிலில் பாதரிடம் சொல்லலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். அவர் எங்கே நடந்தது என்று கேட்கவே மாட்டார் என்பது நினைவு வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம், சேர். இந்தத் தாளின் தலைப்பில் சம்பவம் நடந்த இடம் பேலியகொடை என்று நீங்கள் நிரப்பியிருந்தீர்கள். நான் அதை வெட்டி, கொட்டாஞ்சேனை என்று எழுதி, பக்கத்தில் சிற்றொப்பமும் வைத்திருக்கிறேன். பேலியகொடையில் இராமருக்குக் காயம்தான். அவரைக் கொன்றது நான், கொட்டாஞ்சேனையில் வைத்து. ஆகவே ஆற்றுக்கு அந்தப் பக்கக் கோர்ட்டுக்கு இதில் அதிகாரம் இல்லை, கம்பனியை அங்கே கூப்பிட முடியாது.