நிலக்கரித் தோணி, எண் பதினேழு

— உள்ள வந்து உக்காருங்க வாக்கரெத்சா. தலைமை இன்ஜினியர் வாசல்ல நின்னு கத்தினா ஸ்பெத்சியா துறைமுகம் முழுக்கக் கேக்கும்.

— கேக்கட்டும் கமாண்டர். என் கப்பலை வித்தது யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல.

— ரோம்லேர்ந்து பட்டியல் கேட்டாங்க. உதவாத தோணி, பழைய மிதவை, எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி. குமாஸ்தா பதிவேட்டைப் பாத்து எழுதினான். 'நிலக்கரித் தோணி, எண் பதினேழு.' அதுவும் சேந்து போயிருச்சு.

— இருநூத்து முப்பது மீட்டர் நீளத்துல நிலக்கரித் தோணி உலகத்துல எங்கயாவது உண்டா? அவனுக்குக் கண்ணு இல்லையா?

— அவன் காகிதத்தைப் பாத்தான், கடலைப் பாக்கல. அந்தப் பேரைக் காகிதத்துல எழுதினது யாரு, இன்ஜினியரே?

— நான்தான்.

— நீங்க எழுதினீங்க, நான் முத்திரை குத்தினேன். நாப்பத்தேழுல, சமாதான ஒப்பந்தம் ஆன வாரம். இத்தாலிக்கு விமானந்தாங்கிக் கப்பல் ஆகாது, கட்டக்கூடாது, வாங்கக்கூடாதுன்னு போட்டுட்டான். போர்ல ஜெயிச்சவங்க சோதனைக்கு வர்றாங்கன்னதும் வரைபடத்தையெல்லாம் கொதிகலன்ல போட்டுக் கொளுத்தினீங்களே, பாருங்க, எனக்கு இன்னும் அந்தப் புகை வாசனை போகல.

— காப்பாத்தத்தானே செஞ்சேன்? மேல நிக்கிற கோபுரத்துக்கு 'பழுது பாக்குற கொட்டகை'ன்னு பேர் வச்சேன். சோதிக்க வந்த இங்கிலீஷ்காரன் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் நாலு வருஷம் நாம போடாத திட்டமா? பிரெஞ்சுக்காரன் அதே இங்கிலீஷ்காரன்கிட்ட ஒரு கப்பலை இரவல் வாங்கிட்டான். டச்சுக்காரனும் வாங்கிட்டான். இப்ப எல்லாரும் ஒரே கூட்டணி வேற. கூட்டத்துக்குப் போனா நம்ம ஆளு மட்டும் மூலையில உக்காந்து அடுத்தவன் கப்பலைப் பத்திப் பேசிட்டு வர்றான். முக்காவாசி முடிஞ்ச கப்பல் இங்க நிக்குது. ஒரு கடுதாசி எழுதுங்க கமாண்டர். இது தோணி இல்லைன்னு ஒரே ஒரு வரி.

— தோணி இல்லைன்னா பின்ன என்னன்னு கேப்பான். என்ன எழுதட்டும்?

— விமானந்தாங்கி.

— அந்த வார்த்தைய எழுதினா ஒப்பந்தப்படி வெட்டச் சொல்லுவான். எழுதலைன்னா தோணின்னு வெட்டுவான். பாருங்க, மூணு நாளா நானும் இதையேதான் சுத்திச் சுத்தி வர்றேன்.

— ஒப்பந்தத்தைத் தளர்த்தப் போறாங்கன்னு பேச்சு இருக்கே?

— கிறிஸ்துமஸுக்குள்ளன்னு சொல்றாங்க. இப்ப ஏப்ரல். அப்படியே தளர்த்தினாலும் விமானப்படைக்காரன் விடுவானா? இந்த நாட்டுல பறக்குறதெல்லாம் அவனுக்குத்தான்னு சட்டம். கடல் புறாவைக்கூட அவன்கிட்டக் கேட்டுட்டுத்தான் நாம அண்ணாந்து பாக்கணும்.

— வெளையாடாதீங்க.

— வெளையாடல இன்ஜினியரே. அழுது முடிச்சாச்சு, அதான்.

— ஒரு விமானம்கூட அதுல எறங்கினதில்ல. ஒண்ணே ஒண்ணு எறங்கிப் பாத்தாப் போதும்னு இருந்தேன். என் வீட்டுக்காரி உசுரு போனப்பக்கூட நான் அந்தத் தளத்துல நின்னு அளந்துக்கிட்டு இருந்தேன். அவகிட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்?

— தெரியும். அன்னைக்கு உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினவன் நான்தானே. காப்பி ஆறுது, குடிங்க.

— எப்ப வெட்ட ஆரம்பிக்கிறான்?

— ஆரம்பிச்சுட்டாங்க. காலைல எட்டு மணிக்கு. முப்பது பேரு உள்ள இருக்காங்க. பாதிப்பேரு நம்மகிட்ட வேலை போனவங்க. உங்க கையில வேலை கத்துக்கிட்டவங்கதான்.

— எந்த எடத்துலேர்ந்து?

— கொட்டகையிலேர்ந்து. மேல இருக்குறது சுளுவா வருமாம்.

— கோபுரத்தையா வெட்டுறாங்க?

— ஆமா. ஏன் அந்த இரும்பு அலமாரியைப் போய்த் தொடுறீங்க? கெட்டது அண்டாம இருக்கத்தானே நம்ம ஊர்ல இரும்பைத் தொடுவோம்?

— கோபுரம் வலது பக்கம் நிக்குது கமாண்டர். அந்தக் கனத்துக்கு ஈடா இடது பக்கத்து வயித்துல எண்ணூறு டன் கான்கிரீட் ஊத்தி வச்சிருக்கேன். தோணிப் பதிவேட்டுல அது கிடையாது. கோபுரத்துல பாதி போனாலே போதும், கப்பல் அப்படியே உருண்டுரும். உள்ள இருக்குறவன் ஒருத்தனும் மேல வர மாட்டான்.

— வெட்டுறவங்களுக்குத் தெரியாதா?

— வரைபடத்தைக் கொளுத்தியாச்சே. என் தலையில மட்டுந்தான் இருக்கு.

— இருங்க, டெலிபோன் பண்ணி நிறுத்தச் சொல்றேன். ஆனா பாருங்க, இன்னைக்கு நிறுத்தினா நாளைக்கு வேற எடத்துலேர்ந்து வெட்டுவாங்க. அதுவும் தப்பான எடமா இருந்துச்சுன்னா?

— நான் வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தனும் கையில கேஸ் கட்டரை எடுக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. எனக்கு ஒரு பெட்டி சாக்பீஸ் குடுங்க கமாண்டர், எங்கெங்க வெட்டணும்னு நானே கோடு போட்டுத் தர்றேன்.