சத்தம் கூடிய மெஷின்

ஈரத் தலையோடு இருந்தால் எனக்குச் சளி பிடிக்கும். அம்பிட்டியவில் பனி இறங்கினால் மத்தியானம் ஆனாலும் கூந்தல் காயாது. அதனால்தான் ஹெயார் டிரையர் வாங்கப் போனேன் சேர்.

கண்டி டவுன் கடையில் நுஸ்ஹா என்ற பிள்ளை மூன்றை எடுத்து வைத்தாள். ஒன்றை மடித்துப் பைக்குள் போடலாம். இன்னொன்றில் குளிர்காற்றுக்குத் தனி பட்டன், முடி கருகாது. மூன்றாவது பழைய மாடல். அது ஓடியபோது அவள் வாய் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. நிறுத்திவிட்டு, "இது வாணாம் மிஸ், சத்தம் கூட" என்றாள். அதைத்தான் எடுத்தேன்.

நான் தெல்தெனியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அம்மா லீலாதேவி மாமி படுத்த படுக்கையாகி வருடக்கணக்கு. பீ மூத்திரம் அள்ளியது நான். ஊட்டிவிட்டதும் நான். மாமிக்கு இழுப்பு வேறு. இழுப்பு வந்தால் மருந்துப் பம்பை வாயில் வைத்து அடிக்கவேண்டும். கை வராததால் அதற்கும் நான்தான்.

என் பெயர் சர்மிளா. அது மாமியின் வாயில் வந்ததே இல்லை. "உவள் எங்கை?" என்பார். எங்கள் பக்கத்தில் அவள் உண்டு, இவள் உண்டு, உவள் கிடையாது. கல்யாணமான புதிதில் அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடுவேன். பெயர் சொல்லப் பிடிக்காமல் இளக்காரமாகச் சுட்டுவது என்று தெரிந்த பிறகும் ஓடினேன்.

விடிந்தால் அந்தச் சொல். கக்கூஸில் இருந்தாலும் கேட்கும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. "நான் செத்துருவேங்க, ஒரு ஆளையாவது வைங்க" என்று வீட்டுக்காரரின் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "அம்மாவுக்கு வேற ஆக்கள் சரிவராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்" என்றார்.

மெஷின் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். முதலில் தலைக்குக் குளித்த நாட்களில் மட்டும் போட்டேன். பிறகு தினமும்.

அன்று கூந்தல் காயவைத்துக்கொண்டிருந்தேன், மாமி கூப்பிட்டது கேட்கவில்லை, போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். அன்று காலையிலிருந்தே எங்கள் பக்கம் நீர்வெட்டு என்று நீங்கள் விசாரித்து வந்திருக்கிறீர்கள். உண்மைதான். நான் குளிக்கவில்லை. காய்ந்த தலையைத்தான் காயவைத்தேன். முடி கருகும் வாசனை வந்தும் நிறுத்தவில்லை. மருந்துப் பம்ப் என் மடியில் இருந்தது.

ஆனால் கேட்கவில்லை என்பது சத்தியம் சேர். வேண்டுமானால் அந்தக் கடைப் பிள்ளையிடம் கேளுங்கள். மாமி அன்றைக்கு வழக்கம்போல் கூப்பிடவில்லை. "சர்மிளா, என்ரை பிள்ளை, கெதியா வா" என்றுதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். உவள் என்றிருந்தால் பழக்கத்தில் ஓடியிருப்பேன். அது என்னைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?